ஓர் அத்தை சொன்ன வினைச்சொல்

கேள்வி: ஐயா, தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனி ‘பேவுல்ஃப்’ காவியத்தை இக்கால ஆங்கிலத்தில் தந்தபோது எழுதிய முன்னுரையைத் தமிழில் பெயர்த்து வருகிறேன். எதிர்பாராமல் சாவு விழுந்த ஒரு குடும்பத்தைப் பற்றி அவருடைய அத்தை சொல்லும் ஒரு வாக்கியம் அதில் வருகிறது. அதிலுள்ள வினைச்சொல் ‘தோல்’ (thole). வீட்டிலிருக்கும் அகராதியில் பார்த்தால் ‘படகில் துடுப்பைப் பிடித்து நிறுத்தும் முளை’ என்றிருக்கிறது. இன்னொரு அகராதியில் ‘சகித்துக்கொள்’ என்று கிடைத்தது. ‘அவர்கள் சகித்துக்கொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று எழுதிவைத்தேன். வாசித்துப் பார்த்தால் ஓர் அத்தை பேசுகிற மாதிரி இல்லை, பள்ளிக்கு வரும் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. உடன் வேலை பார்க்கும் தமிழாசிரியரோ, ‘சுமையைத் தாங்குவது தோள்தானே, இது நம்ம தோள்தான்’ என்கிறார். அது சரியா? இந்தச் சொல்லை இலக்கியத்தில் எப்படியெல்லாம் ஆண்டிருக்கிறார்கள்? தமிழில் எதைப் போடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது என்று உங்கள் காதுக்கே பட்டுவிட்டது. முப்பது வருடமாக மொழிபெயர்ப்பையும் அகராதி வேலையையும் பிழைப்பாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காது இருந்தால் போதும், மற்றதைத் தேடி எடுத்துவிடலாம்.

முதலில் முளையை அப்புறப்படுத்திவிடுவோம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘தோல்’ உண்டு. ஒன்று பெயர்ச்சொல். படகின் விளிம்பில் செருகியிருக்கும் மரமுளை. துடுப்பு போடும்போது நழுவாமல் அதில் அண்டைகொடுத்து இழுப்பார்கள். கடற்கதைகள் மொழிபெயர்ப்பவர்களுக்கு அது அடிக்கடி தட்டுப்படும். இன்னொன்று வினைச்சொல், நம் அத்தை சொன்னது. இரண்டுக்கும் வேர் வேறு, ஒலி மட்டும் ஒன்று. நம்மிடம் ‘ஆறு’ ஓடுகிறது, எண்ணவும் செய்கிறது, காயமும் ஆறுகிறது, அதைப்போல. சிறிய அகராதிகள் இடநெருக்கடியில் முளையை வைத்துக்கொண்டு வினையைக் கைவிட்டுவிடுகின்றன. லண்டன் ஆங்கிலத்தில் அந்த வினை வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது என்பதும் அதற்குக் காரணம். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரிலும் அது இன்னும் பேச்சில் இருக்கிறது.

அதன் பொருள்: வந்த துன்பத்தைத் தாங்கி நிற்பது. துன்பத்தை எதிர்த்துச் சண்டை போடுவதோ, அதை மறப்பதோ இதில் இல்லை. மாற்ற முடியாத ஒன்று வந்துவிட்டது, அதன் பாரம் முழுவதும் உடம்பிலும் மனதிலும் இறங்கியிருக்கிறது, அப்படியே நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நிற்றல்தான் ‘தோல்’.

ஹீனிக்கு இந்தச் சொல் ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதை நீங்கள் அந்த முன்னுரையிலேயே படித்திருக்கிறீர்கள். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீனி 1939-இல் டெரி மாவட்டத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர்; கத்தோலிக்கக் குடும்பம். ஐரிஷ் மொழியை இழந்து ஆங்கிலத்துக்கு மாறிய மண் அது. ஆங்கிலம் தனக்குச் சொந்தமா, வந்தேறியா என்ற கேள்வி அவரை விடாமல் பிடித்திருந்தது. பேவுல்ஃப் ஆங்கிலத்தின் ஆதி காவியங்களில் ஒன்று, 3,182 அடிகள். ஏறக்குறைய ஆயிரமாம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப்படிதான் மிஞ்சியிருக்கிறது. அதுவும் 1731-இல் ஒரு தீ விபத்தில் ஓரமெல்லாம் கருகித் தப்பியது. இங்கிலாந்துக்காரர்களின் பிதிரார்ஜிதம் என்று எல்லோரும் எண்ணும் அந்தக் காவியத்தில் தனக்கென்ன உரிமை என்ற தயக்கத்தோடு இருந்தவர், ரென் என்ற அறிஞரின் பதிப்பின் பின்னாலிருந்த சொல்லடைவில் ஒரு சொல்லைப் பார்க்கிறார். ‘துன்பப்படு, பொறு’ என்று பொருள் போட்டிருக்கிறது. முதலெழுத்து இன்றைய ஆங்கிலத்தில் இல்லாதது. ஆங்கில b-யும் p-யும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு வடிவம் (þ). அந்த எழுத்துக்குப் பெயரே ‘தார்ன்’, அதாவது முள். முள்ளுக்குப் பதில் இன்றைய எழுத்தைப் போட்டுப் படித்ததும் சொல் அடையாளம் தெரிந்துவிடுகிறது: ‘தோலியன்’. அவர் ஊரில் வயதானவர்களும் அதிகம் படிக்காதவர்களும் பேச்சுவாக்கில் சொல்கிற ‘தோல்’.

அத்தையின் வாயிலிருந்து வந்த சொல் அறிஞர் பதிப்பில் உட்கார்ந்திருக்கிறது. அது வந்த வழியையும் அவர் சொல்கிறார். பழைய ஆங்கிலத்திலிருந்து வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போய், 1609-க்குப் பிறகு அல்ஸ்டரில் குடியேற்றப்பட்டவர்களோடு கடல் தாண்டி வந்து, அவர்களிடமிருந்து, முன்பு ஐரிஷ் பேசிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் வாய்க்கு மாறியது. அதே குடியேறிகளின் வழிவந்தவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தெற்கே போனபோது அங்கேயும் கூடவே போனது. குடியேற்றம் நிலத்தைப் பிடுங்கியது. ஆனால் அதோடு வந்த ஒரு சொல், நிலத்தை இழந்தவர்களின் துக்கவீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சில் ஏதோ செய்கிறது.

இனி தமிழாசிரியர் சொன்னது. அவரிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: ‘தோள்’ இல்லை. தோள் திராவிடச் சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும் உறவுக்காரர்களோடு இருக்கிறது. தோளையும் இதையும் சேர்ப்பது ஒலி மட்டும்தான், அதுவும் சரியான ஒலியில்லை. ஆங்கிலச் சொல்லின் முதலொலி ‘திங்க்’ என்பதில் வருவது, நாக்கு நுனி பல்லிடுக்கில் காற்றை விடும் ஒலி. நம் காதுக்கு அது தகரமாகக் கேட்கிறது, அவ்வளவே. இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பதை வைத்து உறவு சொல்லக் கூடாது. ஒலி மாறும்போது வரிசையாக, ஓர் ஒழுங்கோடு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த ஒழுங்கு இங்கே அழகாகக் கிடைக்கிறது. வடமொழியிலும் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் ‘த’ வருமிடத்தில் ஆங்கிலம் முதலிய ஜெர்மானிய மொழிகள் பழங்காலத்தில் இந்தப் பல்லிடுக்கு ஒலியைக் கொண்டன. வடமொழியில் ‘த்ரி’, ஆங்கிலத்தில் ‘த்ரீ’. வடமொழியில் மெலிவைக் குறிக்கும் ‘தனு’, ஆங்கிலத்தில் ‘தின்’. அந்தக் கணக்கில் ‘தோல்’ என்பதற்கு மறுபக்கத்தில் ‘தல், தொல், துல்’ மாதிரி ஒன்று இருக்க வேண்டும். இருக்கிறது. இலத்தீனில் ‘தொலெராரே’, பொறுத்தல். ஆங்கிலத்தில் இன்று எல்லோரும் சொல்லும் ‘டாலரேட்’ அதன் பிள்ளை. கிரேக்கத்தில் ‘தலன்தோன்’, தராசு, அதில் நிறுக்கும் எடை. அந்த எடைப் பணம் பைபிள் உவமை வழியாக வந்துதான் ‘டேலன்ட்’ என்றால் திறமை ஆயிற்று. வானத்தைச் சுமந்து நிற்கும் அட்லஸின் பெயரையும் இந்த வேரோடு சேர்ப்பார்கள். நான்காம் நூற்றாண்டுக் காத்திக் மொழி பைபிளிலும் இந்த வினை இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் பொறுமைக்குச் சொல்லும் ‘கெடுல்ட்’டும் அதே கிளை. வேர்ப்பொருள் தூக்குதல், சுமத்தல்.

வடமொழியில்? ‘துலா’. தூக்கி நிறுக்கும் கோல்.

ஆக, தமிழுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஓர் உறவு உண்டு. உங்கள் தமிழாசிரியர் தட்டிய கதவு வேறு, திறந்த கதவு வேறு. துலாம், துலாக்கோல், துலாபாரம், மயிலாடுதுறையில் ஐப்பசி முழுக்குக்குக் கூட்டம் சேரும் துலாக்கட்டம், யாழ்ப்பாணத்துக் கிணற்றில் நீர் தூக்கும் துலா எல்லாம் வடமொழி வழியாக நமக்கு வந்தவை. டெரி மாவட்டத்து அத்தையின் ‘தோல்’ அவற்றுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. இதை அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இலக்கிய வழக்கைக் கேட்டீர்கள். எனக்குப் பிடித்த இடங்களை மட்டும் காட்டுகிறேன்.

பேவுல்ஃபில் ஹ்ரோத்கார் என்ற அரசன் பெரிய மண்டபம் ஒன்று கட்டுகிறான். கிரெண்டல் என்ற அரக்கன் இரவுதோறும் வந்து வீரர்களைத் தின்றுவிட்டுப் போகிறான். பன்னிரண்டு மாரி அரசன் அந்த வேதனையைத் ‘தோலி’த்தான் என்கிறது காவியம். ஆண்டுக்கு மாரி என்று எண்ணும் வழக்கம் அது. அரசன் அந்தப் பன்னிரண்டு மாரியும் ஓடவில்லை, அரக்கனை வெல்லவும் முடியவில்லை. மண்டபம் இருந்தது, அவன் இருந்தான், வேதனை இருந்தது.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. உங்கள் வேலைக்கு நேரடியாக உதவும். காவியத் தொடக்கத்தில், தலைவனில்லாமல் அந்தக் குடிகள் நெடுங்காலம் பட்ட துன்பத்தைக் கடவுள் அறிந்து ஒரு மகவைத் தந்தார் என்று வருகிறது. 15-ஆம் அடி. ஹீனி தன் மொழிபெயர்ப்பில் அங்கே ‘தோல்’ போட்டிருக்கிறார். ஆனால் மூலத்தில் அந்த இடத்தில் ‘தோலியன்’ இல்லை! ‘ட்ரியோகன்’ என்ற வேறொரு வினை இருக்கிறது. அதன் வாரிசாக ஸ்காட்லாந்தில் ‘ட்ரீ’ என்ற சொல் இன்றும் உண்டு, விதியை அனுபவித்துத் தீர்ப்பது என்று பொருள். மூலச்சொல்லின் நேர்வாரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஹீனி அதை எடுக்கவில்லை. தன் வீட்டில் கேட்ட சொல்லை எடுத்தார். காவியத்தின் முதற்சொல்லையே, கேளுங்கள் என்று கட்டியம் கூறும் பழஞ்சொல்லை, ‘ஸோ’ என்று தன் தகப்பன் வழி உறவினர் பேச்சைத் தொடங்குகிற மாதிரி தொடங்கியவர் அவர். 1999-இல் அந்தப் புத்தகம் வந்தது. வேர் ஒத்துப்போவதைவிட வாய் ஒத்துப்போவது பெரிது என்று அவர் முடிவெடுத்திருக்கிறார். நீங்களும் அந்த முடிவின் பக்கம்தான் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆங்கிலக் கவிஞர் சாசரிடம் இந்தச் சொல் சேற்றில் நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய கேன்டர்பரி கதைகளில், துறவி சொல்லும் கதை. வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி சேற்றில் புதைந்து நிற்கிறது. வண்டிக்காரன் குதிரைகளைச் சாட்டையால் அடித்து, ‘உங்களைப் பேய் கொண்டுபோக! உங்களோடு நான் எவ்வளவு துன்பம் தோலித்திருக்கிறேன்!’ என்று கத்துகிறான். நிஜமாகவே ஒரு பேய் பக்கத்தில் நிற்கிறது. கூட வந்தவன், ‘அதான் கொடுத்துவிட்டானே, எடுத்துக்கொள்’ என்று தூண்டுகிறான். பேய் அசையவில்லை. மனசார அவன் சொல்லவில்லை என்கிறது. கொஞ்ச நேரத்தில் குதிரைகள் இழுத்து வண்டி மேடேறியதும் அதே வண்டிக்காரன் அவற்றைத் தட்டிக்கொடுத்து வாழ்த்துகிறான். இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? ‘உங்களோட நான் படுற பாடு இருக்கே!’ யோசிக்கவே வேண்டாம். இங்கே சகிப்பு, பொறுமை எதற்கும் இடமில்லை. ‘பட்ட பாடு’தான்.

சாசருக்குப் பிறகு இலத்தீன், பிரெஞ்சு வழி வந்த ‘சஃபர்’, ‘எண்ட்யூர்’ போன்றவை தெற்கே செல்வாக்குப் பெற, ‘தோல்’ வடக்கே ஒதுங்கிவிட்டது. ஒதுங்கிய இடத்தில் நன்றாகவே இருந்தது. 1785 நவம்பரில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் உழுதுகொண்டிருந்தபோது ஏர் ஒரு சுண்டெலியின் வளையைக் கிழித்துவிட்டது. அதைப் பார்த்து எழுதிய கவிதையில், இலையும் தாளும் கடித்துக் கடித்துச் சேர்த்த வீடு போயிற்று, இனி ஒண்ட இடமில்லாமல் மாரிக்காலத்து ஆலங்கட்டித் தூறலையும் உறைபனிக் குளிரையும் நீ ‘தோலி’க்க வேண்டுமே என்கிறார். அரசனுக்குப் போட்ட வினையை ஒரு கைப்பிடி உடம்புக்குப் போடுகிறார் பாருங்கள். அந்தச் சொல்லுக்குள் உயர்வு தாழ்வு இல்லை.

ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில்கூட அது இருக்கிறது. ஒரு குற்றத்துக்காக ஒருமுறை விசாரணை முழுதாக நடந்து முடிந்தவன் மேல் அதே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போடக் கூடாது என்று வாதாடும்போது, ‘இவன் தன் விசாரணையைத் தோலித்துவிட்டான்’ என்பார்கள். 2011-இல் ஒரு சட்டம் இயற்றி இதற்குச் சில விலக்குகள் வைத்தார்கள். விசாரணை என்பதே ஒரு மனிதன் சுமந்து கடக்க வேண்டிய பாரம், அதை இருமுறை ஏற்றக் கூடாது என்ற நினைப்பு அந்த வினைக்குள் இருக்கிறது.

முன்னுரையில் ஹீனி சொல்லும் அமெரிக்கக் கவிஞர் ஜான் குரோ ரேன்சம், டென்னசியில் 1888-இல் பிறந்தவர். மாறி மாறிக் குளிரும் காய்ச்சலும் கண்டு இறந்துபோன ஒரு சீமாட்டியைப் பாடிவிட்டு, உயிரோடிருக்கும் பெண்களை நோக்கி, நெடுநாள் பூத்திருங்கள், உறுதியாகத் ‘தோலி’த்திருங்கள் என்று வாழ்த்துகிறார். இந்த இடத்தில் ஓர் இலக்கணக் குறிப்பு. பர்ன்ஸுக்கும் சாசருக்கும் இந்த வினை ஒரு செயப்படுபொருளோடு வருகிறது. குளிரை, துன்பத்தை என்று. ரேன்சமிடமும் ஹீனியின் அத்தையிடமும் செயப்படுபொருளே இல்லை. எதைத் தாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. துக்கவீட்டில் அதைச் சொல்லத் தேவையுமில்லை. ‘சகித்துக்கொள்’ என்று நீங்கள் எழுதியதும் வாசகர் மனது ‘எதை?’ என்று கேட்கிறது. உங்கள் வாக்கியம் காலை வாரியது அங்கேதான்.

சரி, தமிழில் எது?

சகித்தலை விட்டுவிடுங்கள். இன்று அது நாற்றத்துக்கும் கூச்சலுக்கும் பிடிக்காத ஆளுக்கும் போய்விட்டது. ‘சகிக்கல’ என்றால் முகம் சுளிக்கிறோம். சாவைச் சொல்ல அது ஆகாது.

பொறுத்தல் உயர்ந்த சொல். ‘பொறை’ என்றால் பாரம், பொறை என்றாலே பொறுமையும். வேரில் சுமத்தலும் தாங்கலும் ஒன்றாக இருக்கும் விஷயத்தில் அது ‘தோல்’ மாதிரியே. தன்னைத் தோண்டுபவரையே தாங்கும் நிலத்தைக் காட்டி, ‘இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ என்கிறார் வள்ளுவர் (151). ஆனால் அந்தக் குறளே சிக்கலையும் காட்டுகிறது. பொறுத்தல் என்றதும் எதிரே தப்புச் செய்த ஒருவர் நிற்கிறார், மன்னிப்பின் சாயல் வந்துவிடுகிறது. ‘கொஞ்சம் பொறு’ என்றால் காத்திரு என்றும் ஆகிவிடுகிறது. செத்தவர் வீட்டில் யாரை மன்னிப்பது, எதற்குக் காத்திருப்பது?

நோன்றல் என்று ஒன்று இருக்கிறது. ‘உற்றநோய் நோன்றல்’ (261), வந்த துன்பத்தைப் பொறுத்தல். பொருளளவில் இதைவிட நெருங்கிய சொல் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. நோன்பு அதிலிருந்து வந்ததுதான். ஆனால் எந்த அத்தை ‘நோன்றல்’ என்கிறார்? படித்தவர் வாயில்கூட இல்லை. ஹீனியின் பத்தி முழுவதும் நிற்பது ஒரே ஒரு காலில்: பழம்பெரும் நூலிலும் இருக்க வேண்டும், படிக்காதவர் பேச்சிலும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பத்தி விழுந்துவிடும்.

தாங்குதல் நல்ல சொல், பேச்சிலும் உண்டு. சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை பல. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன பாரத்துக்கு ஈடாக, வழிப்போக்கன் தன் பாரத்தை இறக்கி வைக்க ஒரு கல். பர்ன்ஸின் சுண்டெலிக்கு ‘தாங்கு’ பொருந்தும். ஹ்ரோத்காருக்கும் பொருந்தும். அத்தைக்கும் போடலாம், குற்றமில்லை. ஆனால் ‘தாங்கு’ எல்லோரும் எந்நேரமும் சொல்லும் சொல். அதைக் கேட்டு ஒரு கவிஞனுக்குத் தூக்கிவாரிப்போடாது.

நான் உங்களுக்குச் சொல்ல வந்த சொல் ‘ஆற்று’.

எங்கள் ஊர் கரிசல் பக்கம். எனக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும்போது பக்கத்துத் தெருவில் ஒரு பையன் கிணற்றில் குளிக்கப் போய் இறந்துபோனான். பதினாறாம் நாள் கழிந்தும் அவன் அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை. எங்கள் அப்பத்தா ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். சட்டியை வைத்துவிட்டு வெகுநேரம் அவள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: ‘ஆத்த முடியாததுதான். ஆத்தித்தான் ஆகணும் தாயி.’ எதை என்று சொல்லவில்லை. அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

கல்லூரியில் திருக்குறளை ஒழுங்காகப் படித்தபோது 225-ஆம் குறளில் நின்றுவிட்டேன். ‘ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை மாற்றுவார் ஆற்றலின் பின்.’ பசியாற்றல் என்றால் இன்று சாப்பிட்டுப் பசி தீர்ப்பது. வள்ளுவரிடம் அங்கே அது பசியைப் பொறுத்துக்கொள்வது. 116-ஆம் அதிகாரத்தின் பெயர் பிரிவாற்றாமை. பிரிவைத் தாங்க முடியாமை. தலைவி ஆற்றாள், தோழி ஆற்றுவிக்கிறாள் என்று சங்கப் பாட்டின் உரைகள் நெடுக இந்த வினை நடக்கிறது. அப்பத்தாவின் ‘ஆத்த’ அதுவேதான். ஹீனி முள்ளெழுத்துக்குப் பின்னால் அத்தையைக் கண்டார் என்றால், நமக்கு றகரத்துக்குப் பின்னால் அப்பத்தா இருக்கிறாள். ‘ற்ற’ பேச்சில் ‘த்த’ ஆகும், அவ்வளவு தூரம்தான்.

ஒரு தடை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆற்றுதலில் சூடு தணிப்பதும் இருக்கிறது, பாலை ஆற்றுகிறோம். புண் ஆறுகிறது என்கிறோம். ‘தோல்’ என்பதில் தணிவோ குணமோ கிடையாது. ‘மனச ஆத்திக்கோ’ என்று எழுதினால் அந்த ஆறுதல் பக்கம் சாய்ந்துவிடும், அத்தை சொன்னது தேறுதல் ஆகிவிடும். ஆகவே ‘மனசை’ என்பதைப் போடாதீர்கள். செயப்படுபொருள் இல்லாமல் விடுங்கள். ‘ஆத்தமாட்டாம அழுதா’ என்கிறோமே, அங்கே சூடும் இல்லை, புண்ணும் இல்லை. தாங்கல் மட்டும் இருக்கிறது. அந்த ஆட்சியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் வாக்கியம் இப்படி வரும்:

‘இனி அதுக ஆத்திப் பழக வேண்டியதுதான்.’

‘கற்றுக்கொள்ள வேண்டும்’ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது, கவனித்திருப்பீர்கள். ‘பழக’ என்றால் நாளாக நாளாக உடம்பே கற்றுக்கொள்வது. ‘வேண்டியதுதான்’ என்பதில் அந்தத் ‘தான்’ வேறு வழியில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறது. மூலத்தில் ‘ஜஸ்ட்’ என்ற ஒரு சிறு சொல் செய்யும் வேலை அது. ‘அதுக’ உங்கள் பக்கத்துப் பேச்சு, இரக்கத்தோடு சொல்வது. இழவு வீட்டாரை ‘அவர்கள்’ என்று தள்ளி வைத்துப் பேச எந்த அத்தைக்கும் வாய் வராது.

சில்லறை விஷயங்கள் மூன்று பாக்கி. ஹீனியின் முன்னுரையில் எந்த வழி உறவு என்று தெளிவாக இல்லை, ஆங்கிலத்தில் எல்லாம் ‘ஆன்ட்’தான். அவருடைய தந்தையின் சகோதரி மேரி அவர்கள் வீட்டிலேயே இருந்தவர்; அவருக்கு ஹீனி அருமையான கவிதையும் எழுதியிருக்கிறார். ஆகவே ‘அத்தை’ என்று நீங்கள் போட்டதை மாற்ற வேண்டாம்.

அந்தப் பத்தியில் ஆங்கிலச் சொல்லையும் காட்டித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவர் பேசுவதே அதைப் பற்றி. தமிழெழுத்தில் ‘தோல்’ என்றால் உரித்த தோல் ஞாபகம் வரும். முதன்முறை மேற்கோள்குறிக்குள் போட்டு, நாக்கு பல்லிடுக்கில் நிற்கும் ஒலி என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பழைய வடிவத்தைத் ‘தோலியன்’ என்றே எழுதுங்கள், குழப்பமில்லை. அத்தையின் வாக்கியத்தில் மட்டும் ஆங்கிலச் சொல் வேண்டாம், அங்கே ‘ஆத்தி’ மட்டும் இருக்கட்டும். அடுத்த வரியில் ‘அவர் சொன்ன சொல் தோல்’ என்று தொடரலாம்.

குறள் 225-ஐ அடிக்குறிப்பாகப் போடும் ஆசை வரும், எனக்கே வருகிறது. போடாதீர்கள். அது ஹீனியின் கட்டுரை, அவர் வீட்டு அத்தை. நம் அப்பத்தாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனால் அவருடைய துக்கவீட்டில் நாம் சத்தம் போட்டவர்கள் ஆவோம். புத்தகமாக வரும்போது மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தியைத் திருத்தியபின் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும் வயதான அம்மா ஒருவரிடம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். ‘யார் வீட்டுல?’ என்று கேட்டாரென்றால் வாக்கியத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுங்கள்.